கால்வாய் என்னும் பெயர்: பூந்தமல்லியிலிருந்து பாடி வரை

சென்னையின் மேற்குப் புறநகராகிய பூந்தமல்லியும் ஆவடியும் அம்பத்தூரும், வடக்கே கொசஸ்தலை ஆற்றுக்கும் தெற்கே அடையாற்றுக்கும் இடையில், கூவம் ஊடறுத்துச் செல்லும் தட்டையான நிலத்தில் அமைந்தவை. இங்கே மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான், அதிலும் ஐப்பசி கார்த்திகையின் சில நாள்களில்தான், கொட்டித் தீர்க்கிறது. அந்த நீரை ஆண்டு முழுவதற்கும் தேக்கிவைக்க மலையோ பள்ளத்தாக்கோ இல்லாமையால், இப்பகுதியினர் நிலத்தின் மெல்லிய கிழக்குச் சரிவைக் கணித்து, அதற்குக் குறுக்கே மண்ணைப் பிறை வடிவில் உயர்த்தி ஏரிகளை அமைத்தனர். ஏரி என்பது இங்கே ஒரு கரை மட்டுமே. அதற்கு நீர் வந்து சேரும் வழியும், வயலுக்குப் பாயும் வழியும், நிறைந்தபின் மிகை நீர் வெளியேறும் வழியும் இல்லையேல் அக்கரைக்குப் பயனில்லை. இம்மூன்று வழிகளுக்கும் வழங்கும் பொதுப்பெயர் கால்வாய். இன்றோ அதே பெயர் குடிநீர் ஓடும் கான்கிரீட் வழிக்கும், தெருவோரச் சாக்கடைக்கும், வரைபடத்தில் மட்டும் எஞ்சிய கோட்டுக்கும் சேர்த்தே வழங்குகிறது. பூந்தமல்லியில் தொடங்கிப் பாடியில் முடியுமாறு இந்நிலத்தைக் கடக்கும் பயணி ஒரே பெயரின் இத்தனை பொருள்களையும் அடுத்தடுத்துக் கண்ணால் காண முடியும்.

‘கால்’ என்னும் சொல்லுக்கு உறுப்பு, காற்று, பொழுது, நாலில் ஒரு பங்கு ஆகிய பொருள்களோடு, நீர் ஓடும் வழி என்னும் பொருளும் உண்டு. ‘வாய்’ என்பது நீர் புகுகின்ற அல்லது வெளிப்படுகின்ற இடம். இரண்டும் சேர்ந்து கால்வாய் என்றும், முன்பின்னாக மாறி வாய்க்கால் என்றும் நின்று, இரு வடிவிலும் பொருள் தருகின்றன. இவ்வாறு சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறாமல் வருவதை இலக்கணப் போலி என்று பள்ளிப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. அங்கே கால்வாய் – வாய்க்கால் என்பதோடு வரிசையில் நிற்கும் மற்றோர் எடுத்துக்காட்டு புறநகர் – நகர்ப்புறம் என்பது. புறநகரின் கால்வாய்களைப் பற்றிப் பேச வருபவருக்கு இலக்கணமே இரண்டையும் ஒரே வரியில் தந்துவிட்டது. ஆயினும் பேச்சு வழக்கு இலக்கணத்தை முழுதும் ஏற்கவில்லை. வயலுக்குப் பாய்வது, உழவர் மண்வெட்டியால் திருப்பக்கூடியது வாய்க்கால். அரசு வெட்டியது, கரையும் எண்ணும் காவலும் உடையது கால்வாய். ‘வாய்க்கால் வரப்புத் தகராறு’ என்று சொல்வார்களேயன்றிக் கால்வாய்த் தகராறு என்று சொல்வதில்லை. பின்னது நேருமானால் அது இரு மாநிலங்களுக்கு இடையிலான பேச்சுவார்த்தையாகிவிடும்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் இடப்புறம் செம்பரம்பாக்கம் ஏரியின் கரை நீண்டு கிடக்கிறது. நெடுங்காலம் பாசன ஏரியாக இருந்து பிற்பாடு சென்னையின் குடிநீருக்கென்று ஆன இவ்வேரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரியின் சொற்களஞ்சியத்தை இக்கரையில் நின்று கற்பது எளிது. ஏரிக்கு நீர் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். கரையினடியில் நீரைத் திறந்து மூடும் அமைப்பு மதகு அல்லது மடை. மிகை நீர் வெளியேறக் கல்லால் கட்டிய தாழ்ந்த பகுதி கலங்கல். அதன்வழி நீர் வழிந்தோடுவதை ஊரார் ‘ஏரி கோடி போகிறது’ என்பர். செம்பரம்பாக்கத்தில் பழைய கலங்கலின் வேலையைக் கதவு பொருத்திய மதகுகள் செய்கின்றன. கதவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அவற்றை 5 கண் மதகு என்றும் 19 கண் மதகு என்றும் குறிப்பிடுகின்றனர். கதவைச் சுற்றுவட்டார மக்கள் ‘ஷட்டர்’ என்றே சொல்கின்றனர். அதை ஏற்றி இறக்கும் கடைநிலைப் பணியாளருக்குப் பொதுப்பணித்துறை வழக்கில் லஸ்கர் என்று பெயர். கப்பலிலும் படையிலும் வேலை பார்த்தவர்களைக் குறித்த பாரசீக வழிச் சொல் ஏரிக்கரைக்கு வந்து ஒதுங்கியது தனிக்கதை.

மதகிலிருந்து இறங்கும் உபரிநீர்க் கால்வாய், சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் எல்லைகளைத் தொட்டுத் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அது ஒரு பள்ளம். புதர் மண்டிக் கிடக்கும், மாடுகள் இறங்கி மேயும். 2015 டிசம்பர் முதல் நாளில் இதன்வழியே வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசுப் பதிவுகள் கூறும்பொழுது, அப்பள்ளம் எதற்காக அவ்வளவு அகலமாக விடப்பட்டிருந்தது என்பது, அதன் கரையில் வீடு கட்டியவர்களுக்கு மிகத் தாமதமாக விளங்கியது. உபரி என்னும் அடைமொழி ஒரு கால்வாயின் தன்மையையே மாற்றிவிடுகிறது: பாசனக் கால்வாய் ஓடாதபோது கவலை தருவது, உபரிநீர்க் கால்வாய் ஓடும்போது கவலை தருவது.

செம்பரம்பாக்கத்துக்கு நீர் வரும் வழிகளுள் ஒன்றைத் தேடி வடக்கே திரும்பினால், கூவத்தின் குறுக்கே ஜமீன் கொரட்டூரில் கட்டப்பட்ட அணைக்கட்டை அடையலாம். அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் வேறு, இது வேறு. பேருந்து ஏறுமுன் கேட்டுக்கொள்வது நலம். அணைக்கட்டு என்பது நீரைத் தேக்குவதற்கான அணை அன்று. ஆற்றின் மட்டத்தைச் சில அடி உயர்த்தி, பக்கத்தில் வெட்டிய கால்வாய்க்குள் நீரைத் திருப்பிவிடும் குறுக்குச் சுவர். இங்கிருந்து பிரியும் புதிய பங்காரு கால்வாய் கூவத்து நீரைச் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கொண்டு செல்கிறது. பங்காரு என்பது பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல். தமிழ்நாட்டின் வடகோடியில் நீர்வழிகளுக்கு அமைந்த பெயர்களில் தெலுங்கின் சாயல் இருப்பது புதிதன்று. இன்னும் மேற்கே, தக்கோலத்துக்கு அருகில், கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே உள்ள கேசாவரம் அணைக்கட்டிலிருந்துதான் கூவத்துக்கே நீர் திருப்பிவிடப்படுகிறது. ஆகவே கூவம், தலைப்பில் ஓர் அணைக்கட்டையும் நடுவில் மற்றோர் அணைக்கட்டையும் உடையதாய், மேற்பகுதியில் கால்வாயைப் போலவே வேலை செய்யும் ஓர் ஆறு. இயற்கையாக ஓடுவது ஆறு, மனிதர் வெட்டியது கால்வாய் என்று எல்லை வகுக்கும் அகராதிக்கு இங்கே கால் வழுக்குகிறது.

அவ்வெல்லை பிற மொழிகளிலும் உறுதியாக இல்லை. நாணலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து குழாய் என்னும் பொருளில் பிறந்த சொல் ஒன்று, ஆங்கிலத்துக்குள் இருவேறு வழிகளில் நுழைந்து, வெட்டப்பட்டதைக் குறிக்கும் கேனல் என்றும், இயற்கையானதற்கும் செயற்கையானதற்கும் பொதுவான சேனல் என்றும் பிரிந்தது. 1877இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி செவ்வாய்க் கோளில் கண்ட கோடுகளுக்கு இட்ட பெயர் ஆங்கிலத்தில் இரண்டாவதாக அன்றி முதலாவதாக மொழிபெயர்க்கப்பட்டதால், அங்கே கால்வாய் வெட்டும் அறிவுயிர்கள் வாழ்வதாகப் பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. தமிழ் இத்தொல்லைக்கு ஆளாகவில்லை என்று சொல்வதற்கில்லை: வெட்டப்பட்ட சூயஸ், பனாமா ஆகியவற்றையும், எவரும் வெட்டாத கடற்பகுதியாகிய ஆங்கிலக் கால்வாயையும் நாம் ஒரே பெயரால்தான் அழைக்கிறோம், ஆனால் நமக்கு அண்மையில் இருக்கும் அதே வகைக் கடற்பகுதிக்குப் பாக் நீரிணை என்று வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடைப்பட்ட பட்டாபிராம் பக்கத்தில் யாரிடமேனும் கால்வாய்க்கு வழி கேட்டால், அவர் கைகாட்டுவது கிருஷ்ணா கால்வாயைத்தான். உள்ளபடி இது பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீரைக் கொண்டுசெல்லும் இணைப்புக் கால்வாய்; நாளிதழ்கள் ‘லிங்க் கால்வாய்’ என்று எழுதுவதும் உண்டு. அதற்குக் கிருஷ்ணாவின் பெயர் வாய்த்ததற்கு நீண்ட பின்னணி இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காக மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணா நதியில் தத்தம் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுத்தர 1976இல் இசைந்தன; டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. மொத்தம் 15 டி.எம்.சி.யில் வழியில் ஆவியாகவும் கசிந்தும் போகும் 3 போக, தமிழக எல்லையில் 12 கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதலமைச்சர்களாக இருந்த 1983இல் தமிழகமும் ஆந்திரமும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. 1996இல் அந்நீர் முதன்முறையாகப் பூண்டியை வந்தடைந்தது. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து ஆந்திர எல்லைக்குள் 152 கிலோமீட்டரும், அதன்பின் தமிழகத்தில் 25 கிலோமீட்டரும் ஓடி அந்நீரைக் கொண்டுவரும் கால்வாய், மாநில எல்லையைத் தொடும் இடம் ஊத்துக்கோட்டையை அடுத்த தாமரைக்குப்பம். செய்தித்தாள்கள் அவ்விடத்தை ‘ஜீரோ பாயின்ட்’ என்று எழுத எழுத, அதுவே ஊர்ப்பெயர்போல் ஆகிவிட்டது.

மண் கரைகளில் நீர் கசிந்து வீணானதால், ஆந்திரப் பகுதியில் கால்வாயைச் சீர்செய்து கசிவைத் தடுக்கும் வேலையைப் புட்டபர்த்தி சத்ய சாயி பாபாவின் அறக்கட்டளை 2002க்குப் பின் ஏற்று முடித்தது. அதன்பின் அக்கால்வாய்க்குச் சாயி கங்கை என்ற பெயரும் சேர்ந்தது. ஒரே நீர் நதியின் பெயராலும், திட்டத்தின் பெயராலும், கொடையாளரின் பெயராலும் மூன்று முறை பெயர் பெற்று வந்தாலும், பட்டாபிராமத்தார்க்கு அது கிருஷ்ணா கால்வாய் மட்டுமே. பூண்டியிலிருந்து புறப்படும் மற்றொரு சிறு வழிக்குப் ‘பேபி கால்வாய்’ என்று வழங்கும் பெயர் இதைவிடச் சுவையானது. பெரியதற்கு அருகே ஓடும் சிறியதைக் குழந்தையாக்கிக் கண்ட யாரோ ஒருவரின் சொல், இன்று நீர்மட்ட அறிக்கைகளில் கன அடிக் கணக்கோடு எவ்விதச் சிரிப்புமின்றி அச்சாகிறது.

இணைப்புக் கால்வாயைப் பாலத்தின்மேல் நின்று பார்த்தால் அதன் குறுக்கு வெட்டு தெளிவாகத் தெரிகிறது: அடி குறுகி, மேலே விரிந்து, இரு பக்கமும் கான்கிரீட் சாய்வுகள். மண் கரையில் வேரும் கல்லும் பிடிக்குக் கிடைக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் பச்சைப் பாசி படிந்த இந்தச் சாய்வில் எதுவும் கிடைக்காது. இறங்குவது எளிது, ஏறுவது அரிது. கோடை விடுமுறையில் குளிக்க இறங்கும் சிறுவர்கள் மூழ்கிப்போகும் செய்திகள் இப்பகுதியிலிருந்து அடிக்கடி வருவதற்குக் கால்வாயின் ஆழத்தைக் காட்டிலும் இச்சாய்வே பெருங்காரணம். குளிக்கவும் துணி துவைக்கவும் கூடாது என்று அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன; பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குமேல் கம்பி வலையும் அடித்திருக்கிறார்கள். அவ்வலையின் கண்ணிகளில், வாடிய சாமந்தியும் வெற்றிலையும் கட்டிய நெகிழிப் பைகள் மாட்டிக்கொண்டு தொங்குகின்றன. பூசை செய்த பூவைக் காலில் படாத இடத்தில், ஓடும் நீரில் விட வேண்டும் என்பது வழக்கம். ஆறு ஆறாக இல்லாத ஊரில் ஆற்றின் இடத்தைக் குடிநீர்க் கால்வாய் ஏற்றுவிட்டது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலை பருத்திப்பட்டில் கூவத்தைக் கடக்கிறது. சாலையோரம் உள்ள பருத்திப்பட்டு ஏரி, நீண்ட காலம் சுற்றுப்புறக் குடியிருப்புகளின் கழிவுநீரை வாங்கிக்கொண்டிருந்து, 2019இல் நடைபாதையும் படகுத்துறையும் கொண்ட பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. உள்ளே வரும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் உடன் அமைந்தது. இங்கே வந்ததும் கால்வாய் என்னும் சொல் நிறம் மாறத் தொடங்குகிறது. எழுத்தில் ‘மழைநீர் வடிகால்’ என்றும் ‘கழிவுநீர்க் கால்வாய்’ என்றும் துறைகள் வேறுபடுத்தி எழுதுபவை எல்லாம் தெருவில் ஒரே சொல்லில் அடங்கும்: ‘காவா’. யகரமும் லகரமும் கழன்ற இவ்வடிவத்துக்குச் சென்னைப் பேச்சில் சாக்கடை என்பதே பொருள். பந்து காவாயில் விழுந்துவிட்டது என்று ஒரு சிறுவன் சொன்னால், எடுத்தபின் கையைக் கழுவ வேண்டும் என்பது அதிலேயே அடக்கம். கிருஷ்ணா கால்வாயை எவரும் காவா என்று சொல்வதில்லை என்பதைக் கவனித்தால், ஒலி தேய்ந்த வடிவமும் தேயாத வடிவமும் இருவேறு சொற்களாகவே பிரிந்துவிட்டன என்று கொள்ளலாம். மதிப்புள்ள நீருக்கு முழுச்சொல்.

இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு அம்பத்தூர் தெளிவான விடை தருகிறது. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிறைந்தால் மாதவரம் பக்கத்து ரெட்டேரிக்கும் நீர் செல்லுமாறு அமைந்த தொடர் இது. மேல் ஏரியின் உபரிநீர்க் கால்வாயே கீழ் ஏரியின் வரத்துக் கால்வாய். ஒவ்வோர் ஏரிக்கும் அதன் மதகுகளிலிருந்து நீர் பெறும் வயற்பரப்பு இருந்தது. அதற்கு ஆயக்கட்டு என்று பெயர். 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டபின் ஆலைகள் வந்தன, ஆலைகளை ஒட்டிக் குடியிருப்புகள் வந்தன, ஆயக்கட்டு மனைகளாகப் பிரிந்தது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. நெல் இல்லாத நிலத்துக்கு மதகைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் வாய்க்கால்கள் வேலையற்றுப் போயின. ஆனால் அவற்றின் சரிவு அப்படியே இருந்தது. குழாய்வழிக் கழிவுநீர்த் திட்டம் வந்து சேருமுன் வீடுகள் வந்துவிட்ட ஊரில், கழிவுநீர் தனக்கென ஆயத்தமாக வெட்டிவைத்த வழியைக் கண்டுகொண்டது. வயலுக்குப் போன வாய்க்கால் வீட்டுச் சாக்கடையாயிற்று. ஏரிக்கு வந்த வரத்துக் கால்வாய் அச்சாக்கடையை ஏரிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது இதனால்தான். ஏரியைத் தூர்வாருவதும் கரையை உயர்த்துவதும் நடந்தாலும், வரத்து வழி மாறாதவரை ஏரி மாறாது என்பதே அவர்களின் வாதத்தின் சாரம்.

வாய்க்கால் நிலத்திலிருந்து மறைந்தாலும் ஆவணத்திலிருந்து மறைவதில்லை. வருவாய்த் துறையின் அ-பதிவேடு ஒவ்வொரு புல எண்ணையும் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என வகைப்படுத்துகிறது. புறம்போக்கு என்பது தனியார்க்கு உரிமையில்லாத பொதுநிலம். அதன் உட்பிரிவாகிய ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்னும் இரு சொற்களைக் கண்டால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் மனை வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பக் கேட்பார். வங்கியும் கடன் தராது. நேரில் சென்று பார்த்தால் அங்கே தார்ச்சாலையோ, இரு மதில்களுக்கு இடையில் இரண்டடிச் சந்தோதான் இருக்கும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச்சட்டம் வந்தபின் இப்பதிவுகளின் பெறுமதி கூடியது. வாய்க்காலைக் கொண்டு நிலத்துக்கு அடையாளம் சொல்லும் பழக்கம் தொண்டை நாட்டில் மிகப் பழையது: உத்திரமேரூரின் சோழர் காலக் கல்வெட்டுகளில், இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு என்றே நிலத்தின் இருப்பிடம் சொல்லப்படுகிறது. வதி பெரிய வழி. கண்ணாறு வாய்க்காலிலிருந்து பிரியும் சிறு நீர்வழி. அங்கே வாய்க்கால்களுக்கு அரசர், தெய்வங்களின் பெயர்கள் இருந்தன. அம்பத்தூரில் அவற்றுக்கு எண்கள் இருக்கின்றன.

கொரட்டூரைத் தாண்டிப் பாடிக்கு வரும்போது நகரம் முழுதாகச் சூழ்ந்துகொள்கிறது. ஒரு பக்கம் பாடிக்குப்பம் வழியே தெற்கே சென்று கூவத்தில் சேரும் கால்வாய். மறுபக்கம் வில்லிவாக்கம், அயனாவரம் வழியாகக் கிழக்கே சென்று பேசின் பாலம் அருகே பக்கிங்காம் கால்வாயில் கலக்கும் ஓட்டேரி நல்லா. நல்லா என்பதற்கும் நன்மைக்கும் தொடர்பில்லை. ஓடையைக் குறிக்கும் இந்திச் சொல்லை ஆங்கில அதிகாரிகள் எடுத்தாண்டு இங்கே விட்டுச்சென்றது. பொருள் தெரியாமல் போனதால் செய்தித்தாள்கள் ‘ஓட்டேரி நல்லா கால்வாய்’ என்று கூடுதலாக ஒரு முறை சொல்லிவைக்கின்றன. அது சென்று சேரும் பக்கிங்காம் கால்வாய், 1806இல் உப்புக்கும் விறகுக்கும் படகுவழியாகத் தொடங்கி, 1876–78 பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியாக நகருக்குள் நீட்டப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரைப் பெற்றது. கால்வாய் என்றால் போக்குவரத்து என்னும் பொருள் சென்னைக்கு இருந்தது அந்த ஒரு கால்வாயால் மட்டுமே. மேற்குப் புறநகர்க் கால்வாய்களில் படகு ஓடியதில்லை.

பாடிச் சந்திப்பைச் சுற்றியுள்ள கடைவீதிகளில், கேனல் என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழெழுத்தில் கண்ணில் படும் இடம் ஒன்றுண்டு. அது பல் மருத்துவமனைப் பெயர்ப்பலகை. ‘ரூட் கேனல்’ செய்துகொண்டவர்களில் எவரும் வேர்க்கால்வாய் என்று சொல்லியிருக்க மாட்டார். தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழும் உடலுக்குள் கால்வாயைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை: உட்செவியில் உள்ளவை அரைவட்டக் குழல்கள், உணவு செல்வது உணவுப் பாதை. உடலினுள் குழலும் பாதையும், நிலத்தின்மேல் காலும் வாயும் எனத் தமிழ் செய்துகொண்ட இப்பங்கீடு வியப்புக்குரியது. நிலத்தின் நீர்வழிக்கு உடலின் இரு உறுப்புகளைக் கடன் கொடுத்த மொழி, உடலுக்குள் இருக்கும் வழிக்கு அவற்றைத் திரும்பக் கேட்கவில்லை.

இவ்வழியில் பயணம் செய்ய விரும்புவோர் கார்த்திகை மாதத்தைத் தேர்வது நல்லது. கோடையில் வந்தால் கிருஷ்ணா கால்வாய் தவிர மற்றவை வறண்டோ கறுத்தோ இருக்கும். வரத்து எது, உபரி எது, சாக்கடை எது என்று பிரித்தறிய முடியாது. கார்த்திகையில் நாளிதழின் நீர்மட்டப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, லிங்க் கால்வாயில் எத்தனை கன அடி, பேபி கால்வாயில் எத்தனை கன அடி என்று பார்த்தபின் பூந்தமல்லியில் பேருந்து ஏறினால், ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டின்மேல் நீர் வழிவதையும், அம்பத்தூர் ஏரியின் கலங்கலிலிருந்து கொரட்டூர் நோக்கி நீர் விரைவதையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். பாடிக்குப்பத்துக்கு மட்டும் மழை விட்ட மறுநாள் செல்ல வேண்டும். மழை பெய்யும் அன்று அங்கே சாலையும் கால்வாயும் ஒன்றாகவே இருக்கும்.